கீரைப் பாத்தியும் கிதாபுகளும்

மீலாது மலர்களிலும் ஆண்டுவிழாச் சிறப்பிதழ்களிலும் அண்மைக் காலமாக ஒருவகைக் கட்டுரை தவறாது இடம்பெற்று வருகிறது. 'இயற்கை வேளாண்மையும் இஸ்லாமும்' என்றோ, 'தோட்டக்கலைக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு' என்றோ அதற்குத் தலைப்பு இருக்கும். மரம் நடுவதன் நன்மையைக் கூறும் இரண்டு ஹதீஸ்கள் முதலில் வரும். அடுத்து ஸ்பெயின் வரும். அந்நாட்டில் இப்னுல் அவ்வாம் என்றோர் அறிஞர் வாழ்ந்தார், 585 செடிகொடிகளையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழமரங்களையும் பற்றி அவர் எழுதினார், ஐரோப்பா அவரிடமே பாடங்கேட்டது என்று மூன்று செய்திகள் வரும். பிறகு, இரசாயன உரம் கூடாது, வீட்டுக்கொரு தோட்டம் வேண்டும் என்ற அறிவுரையுடன் கட்டுரை முடிந்துவிடும்.

இவற்றில் பொய் ஏதுமில்லை. ஆயினும், இத்தகைய கட்டுரைகள் பலவற்றை அடுத்தடுத்துப் படித்தபோது, எழுதியவர்களில் ஒருவரேனும் அந்நூலைத் திறந்து பார்த்தாரா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. 585 என்னும் எண் ஒரு மலரிலிருந்து மற்றொரு மலருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது; நூலில் உள்ள ஒரு கூடை எருவாவது எவர் வீட்டுக் கொல்லைக்கும் வந்து சேர்ந்தபாடில்லை. அறிவிப்பாளர் வரிசையில் இடையே ஓர் ஆள் விடுபட்டுப் போனால் ஹதீஸ் கலையினர் அதனை 'முன்கதிஃ' என்று ஒதுக்கிவைப்பர். இங்கே ஓர் ஆள் மட்டுமல்ல, நூலே விடுபட்டுப் போயிருக்கிறது.

ஆகவே அந்நூலில் என்ன இருக்கிறது, கொல்லையில் நான்கு பாத்தி கீரை போட விரும்பும் ஒரு குடும்பத்திற்கு அது எவ்வளவு தூரம் துணை செய்யும், அது துணை செய்யாத இடத்தில் நம்முடைய வேறு கிதாபுகள் என்ன சொல்கின்றன என்பதைப் பார்ப்போம்.

அபூ ஸகரிய்யா யஹ்யா இப்னு முஹம்மத் என்னும் இப்னுல் அவ்வாம், இன்று செவில் என வழங்கும் இஷ்பீலிய்யா நகரத்தவர். கி.பி. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முவஹ்ஹிதீன்களின் ஆட்சிக்காலத்தில் வாழ்ந்தவர். அவருடைய வாழ்க்கையைப் பற்றி நூல்கள் தரும் செய்தி மிகச் சொற்பம். செவிலுக்கு மேற்கே 'அஷ்ஷரஃப்' என்றொரு மேட்டு நிலப்பகுதி உண்டு. ஸ்பானியர் இன்றளவும் அதனை 'அல்ஹராஃபே' என்றே அழைக்கின்றனர். அங்கே தாம் பயிர்செய்து கண்டறிந்தவற்றை அவரே தம் 'கிதாபுல் ஃபிலாஹா'வில் இடையிடையே குறித்துச் செல்கிறார். அந்தக் குறிப்புகளே அவருடைய வரலாறு என்றும் கூறலாம்.

கிரனாடா 1492இல் வீழ்ந்தது. எஞ்சியிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்கள் 1609 முதல் 1614 வரை ஸ்பெயினிலிருந்து கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்பட்டனர். அவர்களில் மிகப் பலர் உழவர்களும் தோட்டக்காரர்களுமே. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1802இல், பாங்கெரி என்னும் கிறித்தவப் பாதிரியார் இந்நூலின் அரபு மூலத்தையும் ஸ்பானிய மொழிபெயர்ப்பையும் அருகருகே அமைத்து, மத்ரித் நகரில் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 1864க்கும் 1867க்கும் இடையில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. தோட்டக்காரனை விரட்டிவிட்டு, பின்பு அவனுடைய கைக்குறிப்பைத் தேடியெடுத்த கதைதான். எனினும் தோட்டத்துச் சொற்களை அவர்களால் விரட்ட முடியவில்லை. 'அஸ்ஸாகியா' என்னும் வாய்க்கால் ஸ்பானியத்தில் 'அஸேகியா'. 'நாஊரா' என்னும் நீரிறைக்கும் சக்கரம் 'நோரியா'. 'அல்பிர்கா' என்னும் குளம் 'அல்பெர்கா'. நம் ஊர்க் கத்தரிக்காய்க்கும் இதில் ஒரு பங்குண்டு. இந்திய மண்ணிலிருந்து புறப்பட்ட அக்காய் பாரசீகம் வழியாக அரபியில் 'பாதின்ஜான்' ஆகி, ஸ்பானியத்தில் 'பெரெங்ஹேனா' ஆயிற்று. போர்த்துக்கீசியர் அதே சொல்லைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே கொண்டுவர, ஆங்கிலம் பேசும் நம்மவர் வாயில் அது 'பிரிஞ்ஜால்' என்று நுழைந்தது. போன விருந்தாளி வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறார்.

நூலை மதிப்பிடுவதில் பெரியோரும் தவறியிருக்கின்றனர். வரலாற்றுத் திறனாய்வின் முன்னோடியான இப்னு கல்தூன், தம் 'முகத்திமா'வில் இதனை 'நபதீ வேளாண்மை' என்னும் பழம் பெருநூலின் சுருக்கம் என்று ஓரிரு வரிகளில் கூறி நகர்ந்துவிடுகிறார். நபதீ நூலிலிருந்து இப்னுல் அவ்வாம் நிறையவே எடுத்தாண்டிருக்கிறார் என்பது மெய். ஆனால் இப்னு ஹஜ்ஜாஜ், அபுல் கைர், இப்னு பஸ்ஸால் ஆகிய அந்தலுஸிய அறிஞர்களின் கருத்துகளும் அவரவர் பெயருடன் அதில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பலமுறை சோதித்துச் சரியெனக் கண்டாலன்றித் தம் சொந்தக் கருத்து எதையும் எழுதவில்லை என்று முகவுரையிலேயே ஆசிரியர் உறுதி கூறுகிறார். சுருக்கம் எழுதுபவர் எவரும் இப்படியொரு நிபந்தனையைத் தமக்கு விதித்துக்கொள்வதில்லை.

என் நோக்கில் இந்நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளைப் பற்றி முன்னோர் கூறியவற்றை ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி அடுக்குகிறார். ஒருவர் கூற்று மற்றவர் கூற்றுக்கு முரணாக இருந்தாலும் மறைப்பதில்லை. இறுதியில், தம் கண் கண்டது ஏதேனும் இருந்தால் அதனைத் தனியே வைக்கிறார். நம் மதரஸாக்களில் ஹதீஸ் படித்த எவருக்கும் இந்த நடை புதிதாகத் தோன்றாது. இதற்கு நேர் எதிரான நடை இப்னு பஸ்ஸாலுடையது. தொலேதோவின் அரசர் அல்மஃமூனிடம் பணிபுரிந்து, 1085இல் அந்நகரம் ஆறாம் அல்ஃபோன்ஸோவின் வசமானபின் செவிலுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். ஹஜ்ஜுக்குப் போன வழியில் எகிப்து முதலிய நாடுகளின் பயிர்முறைகளையும் கண்டு வந்தவர். மண்ணைப் பத்து வகையாகப் பிரித்துப் பேசும் அவருடைய நூலில் முன்னோர் பெயர் ஒன்றுகூட இராது. எல்லாம் தம் கை, தம் மண், தம் மண்வெட்டி. இவ்விருவரில் எவர் உயர்ந்தவர் என்று எனக்குத் தீர்ப்பளிக்கத் தெரியவில்லை. ஆனால் நம் மலர்க் கட்டுரையாளர்கள் இந்த இருவர் வழியிலும் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

'இப்னுல் அவ்வாம் இயற்கை வேளாண்மையின் தந்தை' என்ற பட்டத்தையும் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா செய்யும் முதல் தொழிற்சாலை ஜெர்மனியில் இயங்கத் தொடங்கியதே 1913இல்தான். அதற்கு ஏழு நூற்றாண்டுகள் முன்னர் வாழ்ந்த ஒருவர் யூரியா போடவில்லை என்று புகழ்வது, அவர் மோட்டார் வண்டியில் ஏறாமல் நடந்தே சென்றார் என்று புகழ்வதைப் போன்றதே. அவருக்கு வேறு வழியில்லை. எருவைத் தவிர அவர் கையில் உரம் கிடையாது. புகழத்தக்கது யாதெனில், கையில் இருந்த ஒரே பொருளை அவர் எவ்வளவு நுணுகி அறிந்திருந்தார் என்பதேயாகும்.

நூலின் முதல் அதிகாரம் மண், இரண்டாவது எரு, மூன்றாவது நீர், தோட்டம் அமைப்பது அதற்கு அப்பால்தான். எரு அதிகாரத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எருவென்று பொதுவாக ஒன்றை அவர் காண்பதில்லை. குதிரையும் கழுதையும் இடும் சாணம் ஒருவகை. ஆட்டுப் புழுக்கை ஒருவகை. புறா எச்சம் தனிவகை. வீட்டைப் பெருக்கிய குப்பை, அடுப்புச் சாம்பல், வைக்கோல், இலைதழை ஆகியவற்றைச் சேர்த்து மட்கவைப்பது வேறொரு வகை. யூனானி மருத்துவம் உடலைப் பற்றிக் கூறும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற நான்கு தன்மைகளையும் அவர் மண்ணுக்கும் எருவுக்கும் பொருத்திப் பார்க்கிறார். குளிர்ந்த மண்ணுக்குச் சூடான எரு, வறண்ட மண்ணுக்கு ஈரமான எரு என்று ஹகீம் மருந்து எழுதுவதுபோல் எழுதிச் செல்கிறார். இன்றைய வேதியியல் இந்த நான்கு தன்மைகளை ஏற்பதில்லை. ஆனால் புறா எச்சம் மிகச் சூடானது, அளவு மீறினால் பயிரை எரித்துவிடும் என்ற செய்தி இன்றும் உண்மைதான். அதில் நைட்ரஜன் மிகுதி என்று நாம் இப்போது காரணம் சொல்கிறோம். காரணத்திற்கு இட்ட பெயர் மாறிற்று; கண்டது மாறவில்லை.

எல்லாவற்றிலும் அவர் அழுத்திச் சொல்வது காலத்தை. புது எரு பயிருக்குத் தீங்கு; அதில் புழுபூச்சிகள் பெருகும்; ஓராண்டேனும் கிடந்து பழமையடைந்த எருவே நல்லது என்கிறார். நம் கட்டுரைகளில் இல்லாதது இதுதான். 'சாணமும் புழுக்கையும் இடுங்கள், இரசாயனத்தை விடுங்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகின்றனர். எப்போது இடுவது, எவ்வளவு நாள் காத்திருப்பது என்று சொல்வதில்லை. இது சிறு குறையன்று. பச்சைச் சாணத்தில் மனிதக் குடலைத் தாக்கும் கிருமிகளும் புழு முட்டைகளும் இருக்கக்கூடும். மட்காத எருவை இட்டால், மண்ணைத் தொடும் விளைபொருளை 120 நாட்கள் கழித்தே அறுவடை செய்யலாம், மண்ணைத் தொடாததை 90 நாட்கள் கழித்து எடுக்கலாம் என்று அமெரிக்க அரசின் இயற்கை வேளாண்மை விதிகளே நிபந்தனை இடுகின்றன. நம் கொல்லையில் விளையும் முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்து இருபத்தைந்து நாட்களில் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். அவற்றின் இலை மண்ணைத் தொட்டுக்கொண்டே வளர்வது. கணக்கைக் கூட்டிப் பாருங்கள். கீரைப் பாத்திக்குப் பச்சை எரு அறவே ஆகாது. நன்கு மட்கி, வாடை நீங்கி, கையில் அள்ளினால் மண்ணைப்போல் உதிரும் எருவே ஆகும்.

பெருங்குவியலாகக் குவித்த எரு உள்ளே கொதித்து 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும். அச்சூடு சில நாட்கள் நிலைத்தால் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மடியும். வீட்டுக் கொல்லையில் வெட்டும் சிறு குழி அத்தனை சூடேறுவதில்லை. எனவே அங்கே சூடு செய்யாததைக் காலம்தான் செய்யவேண்டும். இரண்டு குழிகள் வெட்டி, ஒன்று நிறைந்ததும் மூடிவைத்து, அடுத்ததை நிரப்பத் தொடங்குவது என்ற பழைய வழக்கத்தின் பொருள் இதுவே. இப்னுல் அவ்வாமின் ஓராண்டுக் கணக்கை நான் இதனோடு வைத்துத்தான் மதிக்கிறேன். 'இயற்கை' என்ற சொல்லே ஒன்றைத் தூய்மையாக்கிவிடாது.

நூலின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. ஒன்றுக்கொன்று உறவில்லாத மரங்களை ஒட்டுக்கட்டுவது பற்றி நடவாத செய்திகள் பல அதில் உண்டு. பழைய நூல்களில் கண்டார் என்பதற்காகவே எழுதிவைத்த, நம்பத்தகாத பூச்சி வைத்தியங்களும் உண்டு. முகவுரையில் விதித்துக்கொண்ட நிபந்தனை தம் சொந்தக் கருத்துக்குத்தானே. பிறர் கருத்துக்கு அன்று. படிப்பவர்தாம் பிரித்துணர வேண்டும். மற்றொரு குறை நமக்கு இன்னும் முக்கியமானது. அது நிலவுடைமையாளருக்காக எழுதப்பட்ட நூல். ஒலிவத் தோப்பும் திராட்சைத் தோட்டமும் வேலையாட்களும் உள்ளவரை நோக்கியே அது பேசுகிறது. இருபதடிக் கொல்லையும், ஒரு கிணறும், மாலையில் ஒரு மணி நேரமும் மட்டுமே உடைய ஒரு வீட்டுப் பெண்மணிக்கு அதில் நேரடியான இடமில்லை.

அந்த இடம் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன், நம் ஆலிம்கள் எருவைப் பற்றிப் பேசாததன் காரணத்தையும் பார்த்துவிடுவோம். காரணம் வேறொன்றுமில்லை, கூச்சம்தான். எரு நஜீஸ், பள்ளியின் மிம்பரில் பேசத்தக்க பொருளா அது?

பல ஆண்டுகளுக்கு முன்பு தஹாரத் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, வீட்டில் ஆடு வளர்க்கும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், எங்க உம்மா கீரைக்கு ஆட்டுப் புழுக்கைதான் போடுறாங்க. அந்தக் கீரையைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நஜீஸின் வகைகளை ஒரு மாதமாக ஒப்பித்துக்கொண்டிருந்த வகுப்பில், அதைத் தம் வீட்டு அடுக்களையோடு சேர்த்துப் பார்த்தவர் அவர் ஒருவரே.

விடை கிதாபில் இல்லாமல் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில், உண்ணத்தக்க பிராணியின் சாணமும் நஜீஸ்தான். ஆயினும் அதனை நிலத்துக்கு எருவாக இடுவது கூடும். மக்ரூஹ் என்று கூறியோரும் உளர். நஜீஸான இடத்தில் முளைத்த பயிர் தன்னளவில் நஜீஸ் அன்று. எரு பட்ட இடத்தைக் கழுவிவிட்டால் போதும். அதற்குப்பின் வெளிப்படும் கதிரும் தானியமும் கழுவாமலே தூய்மையானவை என்று இமாம் நவவீ (ரஹ்) தம் 'மஜ்மூஉ'வில் தெளிவுபடுத்துகிறார்கள். கீரையைக் கழுவுங்கள் என்று மருத்துவர் இன்று சொல்வதும், கழுவினால் பாக்கி இல்லை என்று ஃபகீஹ் அன்று சொன்னதும் ஒரே குடத்து நீரில் முடிகின்றன.

எருவை விற்கலாமா என்ற பிரச்சினையில் மத்ஹபுகள் பிரிகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸை விற்பது செல்லாது. தம் உரிமைப் பிடியை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகப் பொருள் பெறலாம் என்று வழி காட்டியிருக்கின்றனர். ஹனஃபீ மத்ஹபில் சாணத்தை விற்பது கூடும். விளைச்சலைப் பெருக்க நிலத்தில் இடப்படுவதால் அது பயனுள்ள பொருள் என்று 'ஹிதாயா' ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) காரணம் கூறுகிறார்கள். அவர்கள் மறைந்தது கி.பி. 1197இல். அதாவது, ஸ்பெயினில் இப்னுல் அவ்வாம் எருவின் சூட்டை ஆராய்ந்துகொண்டிருந்த அதே தலைமுறையில், மத்திய ஆசியாவின் ஃபர்கானாவைச் சேர்ந்த ஒரு சட்ட அறிஞர் எருவின் விலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இருவருக்குமே அப்பொருளில் கூச்சம் இருக்கவில்லை.

இதற்கும் முன்னே செல்லலாம். இப்னு குதாமா (ரஹ்) தம் 'முக்னீ'யில் இரண்டு செய்திகளைத் தருகிறார்கள். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் நிலத்துக்கு மனிதக் கழிவையே எருவாக இட்டு, கூடைக்குக் கூடை கோதுமையாகத் திரும்புகிறது என்னும் கருத்துப்படக் கூறினார்களாம். நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது அக்கழிவை இடக்கூடாது என்று நிபந்தனை விதிப்போம் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறினார்களாம். இரு நபித்தோழர்கள், இரு நோக்குகள். ஹன்பலீ மத்ஹபினர் இரண்டாவதன் பக்கம் சாய்ந்தனர். இன்றைய சுகாதார அறிவும் அந்த ஒரு பொருளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் நிபந்தனையையே வீட்டுத் தோட்டத்துக்கு விரும்பும். எப்படியாயினும், எரு பேசத்தகாத பொருள் என்று அவ்விருவரில் எவரும் கருதவில்லை.

இனி, வீட்டுப் பெண்மணியின் இடம். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று ஸஹீஹுல் புகாரியில் உண்டு. மதீனாவில் மூதாட்டி ஒருவர் இருந்தார். தம் விளைநிலத்து வாய்க்கால் ஓரங்களில் 'ஸில்க்' என்னும் கீரையைப் பயிரிடுவார். வெள்ளிக்கிழமையானால் அதனை வேரோடு பிடுங்கி, சட்டியிலிட்டு, ஒரு பிடி வாற்கோதுமை மாவைத் தூவிச் சமைப்பார். ஜும்ஆ தொழுதுவிட்டு வரும் தோழர்கள் அவருக்கு ஸலாம் சொல்வார்கள். அவர் அந்த உணவை எடுத்துவைப்பார். அதில் கொழுப்போ நெய்ப்போ கிடையாது. அந்தக் கீரையின் வேர்களே இறைச்சித் துண்டுகளுக்கு ஈடாக இருந்தன. அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமை வருவதை நாங்கள் விரும்புவோம் என்று அறிவிப்பாளர் ஒளிக்காமல் சொல்கிறார்.

ஸில்க் என்பது நாம் பீட்ரூட் என்று வாங்கும் கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. தமிழில் வெறுமனே 'கீரை' என்று பெயர்த்துவிட்டால், வேர் இறைச்சிக்கு ஈடான நயம் விளங்காமற் போகும். மொழிபெயர்ப்போர் கவனிக்க வேண்டும்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை எங்கெங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. ஜும்ஆ பாடத்தில் ஒருமுறை. பயிரிடுதல் பாடத்தில், நடவு பற்றிய தலைப்பில் ஒருமுறை. உணவுப் பாடத்தில், ஸில்க்கும் வாற்கோதுமையும் என்ற தலைப்பில் ஒருமுறை. அனுமதி கோருதல் பாடத்தில், ஆண்கள் பெண்களுக்கு ஸலாம் கூறுவது என்ற தலைப்பில் ஒருமுறை. பெயர்கூடப் பதிவாகாத ஒரு மூதாட்டியின் கீரைப் பாத்தி வணக்கத்திலும், உழவிலும், சமையலிலும், சமூக ஒழுக்கத்திலும் சான்றாக நிற்கிறது. நம் மலர்க் கட்டுரைகளில் அந்த அம்மையாரை நான் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. மேடையில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதற்கு வாய்ப்பான ஹதீஸ்களே அங்கே சந்திக்கக் கிடைக்கின்றன.

ஸலாம் பற்றிய தலைப்பில் வரும் அறிவிப்பில் ஓர் ஊர்க்குறிப்பும் உண்டு. அந்தக் கீரை வேர்கள் 'புளாஆ' என்ற இடத்திலிருந்து வந்தன. அது மதீனாவிலிருந்த ஒரு பேரீச்சந்தோட்டம் என்று அறிவிப்பாளர் விளக்குகிறார். ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு அப்பெயர் நன்றாகத் தெரியும். தண்ணீர் பாடத்தில் முதலில் வரும் கிணறு புளாஆக் கிணறுதான். அழுக்குத் துணிகளும் நாயிறைச்சியும் துர்நாற்றப் பொருள்களும் விழும் அக்கிணற்றைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அந்நீர் தூய்மையானதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். நபித்தோழர்கள் போய்க் கிணற்றுக்குள் குப்பை கொட்டியிருப்பார்களா என்று எத்தனையோ மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். இமாம் இஸ்மாஈலீ (ரஹ்) கூறிய விளக்கத்தை இப்னு ஹஜர் (ரஹ்) 'ஃபத்ஹுல் பாரீ'யில் எடுத்துக்காட்டுகிறார்கள். அது ஒரு தோட்டத்துக் கிணறு. குப்பைகள் தோட்டத்தில்தான் போடப்பட்டன. மழைநீர் முதலியன அவற்றைக் கிணற்றுக்கு இழுத்துச் சென்றன என்பது அந்த விளக்கம். அக்கிணற்று நீர் தோட்டங்களுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது என்று ஹனஃபீ அறிஞர் தஹாவீ (ரஹ்) வாதிடுவதும் இங்கே நினைக்கத்தக்கது. இரு தரப்பார் நோக்கமும் நீரின் சட்டமே. ஆனால் அவர்களுடைய வாதத்தின் ஊடே குப்பை விழும் ஒரு தோட்டமும், பாயும் வாய்க்காலும், அந்தத் தோட்டத்துக் கீரையும் நம் கண்முன் வந்துவிடுகின்றன.

இமாம் அபூதாவூத் (ரஹ்) செய்ததோ இதனினும் மேலானது. ஸிஜிஸ்தானத்திலிருந்து வந்த அவர்கள், ஹதீஸை எழுதிக்கொண்டதோடு நிற்கவில்லை. அந்தத் தோட்டத்துக்கே போய், கதவைத் திறக்கச் சொல்லி, கிணற்றின் மேல் தம் மேலாடையை விரித்து அளந்தார்கள். ஆறு முழம் அகலம் இருந்தது, ஏறத்தாழ ஒன்பதடி. பழைய கட்டுமானம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று தோட்டக்காரனிடம் கேட்டார்கள்; இல்லை என்றான். நீரின் நிறம் மாறியிருப்பதைக் கண்டதாகவும் தம் ஸுனனில் எழுதிவைத்தார்கள். அந்தக் கடைசிக் குறிப்பு எவருடைய வாதத்துக்கும் அவ்வளவு வசதியானதன்று. ஆயினும் கண்டது எழுதப்பட்டது. இப்னுல் அவ்வாமின் 'சோதித்துப் பார்த்தேன்' என்பதற்கும் இந்த மேலாடைக்கும் இடையே எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

இப்போது நம் கொல்லைகளைப் பார்ப்போம். கடலோர ஊர்களின் பழைய வீடுகளில் கொல்லைப்புறம் பெண்களின் ஆட்சிக்குட்பட்டது. கிணற்றடியில் வாழை, ஓரத்தில் முருங்கை, மருதாணி, கறிவேப்பிலை, அங்கொரு பாத்தி கீரை என்று இருந்தது. மீன் கழுவிய நீர் தென்னைக்குப் போயிற்று. இன்று அதே இடத்தில் வீடு கூடுதல் அறையாக நீண்டிருக்கிறது. எஞ்சிய தரையும் செருப்பில் மண் ஒட்டாதிருக்கச் சிமெண்டால் பூசப்பட்டிருக்கிறது. மழைநீர் இறங்க இடமில்லை. அடுக்களைக் கழிவு பாலித்தீன் பையில் முடிச்சிடப்பட்டுத் தெருமுனைக்குப் போகிறது. நம் நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கக்கூடிய பொருள்தான். அது சென்னையின் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்தது. அவ்வப்போது தீப்பற்றிக் காற்றையும் கெடுத்தது. எருவாக வேண்டிய பொருள் அங்கே நஞ்சாயிற்று. கீரையோ, எவர் எந்த மருந்தைத் தெளித்தார், தெளித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அறியமுடியாத கட்டுகளாகச் சந்தையிலிருந்து வருகிறது.

தண்ணீர் இல்லையே என்பார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் உளூச் செய்வார்கள். அஃது ஏறத்தாழ முக்கால் லிட்டர். குழாயைத் திறந்துவிட்டு நாம் செலவழிப்பது அதைப்போல் பல மடங்கு. ஒருமுறைக்கு மூன்று லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், ஐவர் உள்ள வீட்டில் ஐவேளைக்கும் 75 லிட்டர் ஆகிறது. உளூச் செய்து வழிந்த நீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானது. மீண்டும் உளூச் செய்யத்தான் ஆகாது. செடிக்கு என்ன தடை? அதில் சவர்க்காரமும் கலப்பதில்லை. நான்கு பாத்திக்கு அது தாராளமாகப் போதும். பெரும் பள்ளிவாசல்களின் ஹவ்ளு நீர் சாக்கடைக்குப் போவதைப் பற்றி நான் தனியே எழுத வேண்டும்.

அன்று புழுக்கையைப் பற்றிக் கேட்ட மாணவருக்கு விடை சொன்னபின், பாடம் புளாஆக் கிணற்றுக்கு வந்தபோது, அபூதாவூத் (ரஹ்) அவர்களின் மேலாடைச் செய்தியையும் சொன்னேன். மதரஸாவின் பின்புறம் கைவிடப்பட்ட கிணறு ஒன்று இருந்தது. அஸருக்குப்பின் பார்த்தால், மாணவர்கள் தலைத்துண்டுகளை முடிச்சிட்டு அதன் வாயை அளந்துகொண்டிருந்தார்கள். ஏழு முழத்துக்குச் சற்றுக் குறைவு என்றார் ஒருவர். அந்தப் புழுக்கைக்காரர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், தண்ணீர் பச்சையாக இருக்கிறது, அதையும் எழுதவா?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.